இரண்டாவது உலை

நீங்க பார்த்துட்டீங்க தம்பி. பார்த்ததும் கண்ணை வேற பக்கம் திருப்பிக்கிட்டீங்க. வளர்த்த விதம் தெரியுது. ஆனாலும் மனசுக்குள்ள கேட்டிருப்பீங்க, இந்த ஆளு பையில டப்பா நிறையச் சோத்தை வெச்சுக்கிட்டு மெஸ்ஸுல வந்து இலையைப் போட்டு உட்கார்ந்திருக்கானே, இவனுக்கு என்ன கேடுன்னு.

கேடு ஒண்ணும் இல்லை. சொல்றேன். எப்படியும் சோறு வர பத்து நிமிஷம் ஆகும்.

வேலாத்தா மெஸ்ஸுல ரெண்டு உலை. முதல் உலை பதினொண்ணரைக்கு இறங்கும். பட்டறைக்காரங்க, ஆட்டோக்காரங்க எல்லாம் அதுல சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரு மணிக்கு அந்தச் சோறு வெதுவெதுன்னு ஆயிடும். ரெண்டாவது உலை ஒண்ணே காலுக்கு. நான் ஒண்ணு பத்துக்கு வந்து உட்காருவேன். முதல் உலைச் சோறு குண்டா நிறைய இருந்தாலும் வேண்டாம்பேன். வேலாத்தா திட்டும். "ஏனுங்க ஐயா, அதுவும் சோறுதானுங்க? ரெண்டும் ஒரே மூட்டை அரிசிதானுங்க?"ன்னு கேட்கும். கேட்டுட்டுப் போகட்டும். எனக்கு உலையில இருந்து வடிச்ச சூட்டோட வேணும். இலையில போட்டா இலை கருகணும். அதுக்காகத்தான் ரெண்டு பஸ் மாறி வர்றேன்.

புதன்கிழமை மட்டும்தான். வீட்ல பென்ஷன்தாரர் சங்கத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு வர்றது. சங்கம் மாசத்துல முதல் புதன்தான் கூடும். நான் எல்லாப் புதனையும் முதல் புதன் ஆக்கிட்டேன். கூட்டம் முடிய நேரமாகும், மாமாவுக்குப் பசிக்கும்னு மருமகள் இந்த டப்பாவைக் கட்டிக் கொடுத்துடும். நேத்து வடிச்ச சோத்துல எலுமிச்சை பிழிஞ்சு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை எல்லாம் போட்டுத் தாளிச்சது. ஓரத்துல பீர்க்கங்காய்த் தோல் துவையல். வாசனை வருதா? நல்லாத்தான் இருக்கும். நல்லா இல்லைன்னு நான் எப்போ சொன்னேன்?

இதை என்ன பண்ணுவேன்னு கேளுங்க. கொட்ட மாட்டேன். ஒரு நாளும் கொட்டினது கிடையாது. இங்க சாப்பிட்டுட்டு நாலு மணிக்கு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து இதையும் சாப்பிடுவேன். வயிறு இடம் கொடுக்காது, நெஞ்சு வரைக்கும் நிக்கும். ஆனா டப்பா காலியாத்தான் வீடு போகும். யாருக்காவது கொடுக்கலாமேன்னு நினைப்பீங்க. ஒரு தடவை கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர். வாங்கி மோந்து பார்த்துட்டு, "நேத்து வெச்சதுங்களா?"ன்னார். எனக்கு உடம்பு கூசிப் போச்சு. தான் சாப்பிடப் பிடிக்காததை அடுத்தவங்க கையில கொடுக்கறது என்ன தர்மம், சொல்லுங்க. அதோட விட்டுட்டேன்.

என் பேரு சென்னியப்பன். தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ள வந்துச்சு, எப்ப வெளிய போச்சுன்னு எழுதற வேலை. வாழ்க்கை பூரா நிமிஷக் கணக்குத்தான். காலையில அஞ்சு மணிக்கு டூட்டி ஏறினா ஒரு மணிக்கு இறங்குவேன். சைக்கிள்ல வீடு போய்ச் சேர ஒண்ணே கால் ஆகும். வாசல்ல நான் செருப்பைக் கழட்டற சத்தம் கேட்கும்போது என் சம்சாரம் துளசிமணி உள்ள சோத்தை வடிச்சுக்கிட்டு இருக்கும். அப்படி ஒரு கணக்கு அதுக்கு. முப்பத்தாறு வருஷம் தம்பி. முப்பத்தாறு வருஷத்துல நான் வீட்ல ஆறின சோறு சாப்பிட்டதே இல்லை.

என்னங்க? ஆமா, இப்ப அது இல்லை. போய் நாலரை வருஷமாச்சு. கிட்னி.

அதுக்கப்புறம்தான் கோயமுத்தூர் வந்தேன், பையன் வீட்டுக்கு. பையன் நவநீதன் பம்ப் கம்பெனியில இருக்கான். மருமகள் சுகன்யா வீட்லயே உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்குது. ஒரு பேத்தி, தன்யா, மூணாவது படிக்குது. எட்டாவது மாடி. நல்ல காத்து. மருமகளைப் பத்தி நான் ஏதோ குறை சொல்லப் போறேன்னு நினைச்சுடாதீங்க. குறை சொல்ற மாதிரி இருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன். குறை இல்லாததுதான் தொந்தரவு.

வந்த மறுநாள் காலையில நடந்தது சொல்றேன். அங்கதான் நான் மாட்டினேன். நான் எழுந்து தண்ணி குடிக்கலாம்னு அடுப்படிக்குப் போறேன், அந்தப் பொண்ணு ஒரு குண்டாவைக் கையில வெச்சுக்கிட்டு குப்பைக் கூடை கிட்ட நிக்குது. ராத்திரி சோறும் பீன்ஸ் பொரியலும் மிச்சம். என்னைப் பார்த்ததும் அதுக்கு முகம் வெளுத்துப் போச்சு. மாமனார் வந்து ஒரு நாள் ஆகலை, சோத்தைக் கொட்டறதைப் பார்த்துட்டாரேன்னு. குண்டாவைப் பின்னால மறைக்கவும் முடியலை, கொட்டவும் முடியலை. எனக்குப் பாவமாப் போச்சு. எதையாவது சொல்லி அந்தப் பொண்ணைக் காப்பாத்தணும். வாயில என்ன வந்துச்சுன்னா, "கொட்டாதே அம்மிணி. எனக்குப் பழசுதான் பிடிக்கும்."

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அதை நான் யோசிச்சுக்கூடச் சொல்லலை. அது என் வாக்கியமே இல்லை. துளசிமணி சொல்றது. வீட்ல தினம் காதுல விழுந்த பேச்சு, தானா நாக்குல வந்துடுச்சு.

அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்கணுமே. "நிஜமாவாங்க மாமா? அத்தைக்கும் அப்படித்தான்னு அவர் சொல்லியிருக்காரு"ன்னு ஒரே சந்தோஷம். உடனே உட்கார வெச்சு, அந்தச் சோத்துல மோர் ஊத்தி, பீன்ஸை வதக்கிப் போட்டுச்சு. நானும் ஒரு நாள்தானேன்னு ரசிச்சுச் சாப்பிட்டேன். ரசிக்கற மாதிரி சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் இருக்கான்னு வேற கேட்டுத் தொலைச்சேன்.

அன்னையில இருந்து பிரிட்ஜுல கீழ்த்தட்டு என் தட்டு. பேத்தி அதுக்குத் 'தாத்தா தட்டு'ன்னு பேர் வெச்சிருக்கு. டப்பா டப்பாவா இருக்கும். ஒவ்வொண்ணுலயும் பட்டையா டேப் ஒட்டி, கிழமை எழுதி. திங்கள் சாம்பார். செவ்வாய் கூட்டு. எல்லாரும் சாப்பிட உட்காருவோம். தோசைக்கல்லுல மாவு விழும்போது சுரீர்னு ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். தோசை பையன் தட்டுக்குப் போகும். பேத்தி தட்டுக்குப் போகும். எனக்கு முந்தாநாள் இட்லியை உதிர்த்துத் தாளிச்ச உப்புமா. நான் தோசையைப் பார்க்கறது தெரிஞ்சா பேத்தி சொல்லும், "தாத்தாவுக்கு சூடு ஆகாது"ன்னு. அது அவங்க ஸ்கூல்லயும் போய்ச் சொல்லியிருக்கு. எங்க தாத்தாவுக்குப் பழசுதான் பிடிக்கும், அவர் ரொம்ப நல்லவர்னு.

கைத்திறமை இருக்குங்க அந்தப் பொண்ணுக்கு. அதைச் சொல்லாம விட்டா என் நாக்கு அழுகிப் போகும். மீந்த சப்பாத்தியைப் பிச்சுப்போட்டு முட்டையோட கொத்திக் கொடுக்கும். ரெண்டு நாள் குழம்பை ஒண்ணாச் சேர்த்துச் சுண்ட வெச்சு ஒரு தொக்கு. தர்பூசணித் தோல்ல இருக்கற வெள்ளையை எடுத்துக் கூட்டு. அதுக்கும் மிஞ்சினது பால்கனியில ஒரு தொட்டியில உரமாகி, அதுல ஒரு கறிவேப்பிலைச் செடி. எட்டாவது மாடியில. அந்த வீட்ல இருந்து கீழ போற குப்பையை ஒரு கையில அள்ளிடலாம்.

நான் தப்பிக்கப் பார்க்காம இல்லை. ஒரு தடவை வயிறு எரியுதுன்னு சொன்னேன். டாக்டர் சூடா சாப்பிடச் சொன்னாருன்னு சொல்லலாம்னு வாயெடுக்கறதுக்குள்ள அது சொல்லிடுச்சு, "எரிச்சலுக்கு நீராகாரம்தாங்க மாமா மருந்து. அத்தை கூடச் சொல்வாங்களாமே." அதுல இருந்து காலையில ஒரு சொம்பு நீராகாரமும் சேர்ந்துக்கிச்சு. ஒண்ணைக் கழிக்கப் போய் இன்னொண்ணு சேர்ந்த கதை.

இன்னொரு தடவை பையன்கிட்டயே சொல்லிப் பார்த்தேன். பால்கனியில நின்னுட்டு இருந்தான். "நவநீதா, ஒரு நாளைக்கு எனக்கும் சூடா ரெண்டு தோசை ஊத்தச் சொல்றயா"ன்னு கேட்டேன். சிரிக்கறான். "ஏனுங்கப்பா, தன்யாவைத் தாஜா பண்றதுக்கா? சும்மா அவளுக்காகப் பிடிக்காததைச் சாப்பிடாதீங்க. போன ஞாயிறு சுகன்யா கறிக்குழம்புல எனக்கே ரெண்டாவது கரண்டி இல்லைன்னுட்டா. மாமாவுக்கு நாளைக்கு வேணும்னு எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா. உங்க பேர்ல அவளுக்கு அவ்வளவு இது"ன்னான். அப்படியான்னுட்டு உள்ள வந்துட்டேன்.

ஆனா தம்பி, அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒரு வீட்ல மிச்சம்னு ஒண்ணு இருந்தா அதை யாராவது சாப்பிட்டுத்தான் ஆகணும். எழுபத்தோரு வயசுல நான் சாப்பிட்டா என்ன, தேய்ஞ்சா போயிடுவேன்னு இருந்தேன். போன மாசம் வரைக்கும்.

போன மாசம் ஒரு நாள் பல்லு டாக்டர்கிட்டப் போயிட்டு சீக்கிரம் திரும்பிட்டேன். பதினொரு மணி இருக்கும். அடுப்புல வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு கொதிக்குது. வாசனை லிப்ட் வரைக்கும். சாப்பாட்டுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, யாரும் தட்டே எடுக்கலை. சுகன்யா பாட்டுக்கு ஒரு கரண்டி குழம்பை மொண்டு டப்பாவுல ஊத்தி, ஆற வெச்சு, டேப்புல 'வெள்ளி'ன்னு எழுதி ஒட்டுது. அன்னைக்கு வியாழன்.

"இன்னும் யாரும் சாப்பிடவே இல்லையே அம்மிணி, அதுக்குள்ள எப்படி மிச்சம்?"ன்னு கேட்டேன்.

அது சிரிச்சுக்கிட்டே சொல்லுது, "மிச்சம் இல்லீங்க மாமா. நம்ம வீட்ல ரெண்டு வருஷமா மிச்சமே ஆகறதில்லை. எல்லாம் அளந்துதான் வெக்கறேன். ஆனா உங்களுக்குப் பழசு வேணுமில்லீங்களா? அதுக்காக ஒரு ஆள் அளவு சேர்த்து வெச்சு முதல்லயே எடுத்துடுவேன். இல்லைன்னா இவரு வழிச்சுச் சாப்பிட்டுட்டு உங்களுக்கு இல்லாமப் பண்ணிடுவாரு."

அந்த 'வெள்ளி'ங்கற எழுத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்தேன். ரெண்டு வருஷமா அந்த வீட்ல மிச்சமே கிடையாது தம்பி. எனக்குன்னே புதுசாச் சமைச்சு, எனக்குன்னே ஆற வெச்சு, எனக்குன்னே ஒரு நாள் பழசாக்கி... வெறுப்புல ஒருத்தர் இப்படிப் பண்ணினா சண்டை போடலாம். எழுந்து தாராபுரம் போயிடலாம். இது பாசம். இதுல இருந்து எங்க எழுந்து போறது?

இதுல கோபப்படவும் எனக்கு முடியாது. ஏன்னா அந்த அருமை எனக்குத் தெரியும். நானும் இதே மாதிரி செஞ்சவன்.

துளசிமணிக்குப் பழசுதான் பிடிக்கும்னு சொன்னேனில்ல. எங்க வீட்லயும் ரெண்டு உலை. விடியக்காலம் ஒரு உலை, பிள்ளைங்களுக்கு டப்பா கட்டறதுக்கு. அப்புறம் எனக்காக ஒண்ணே காலுக்கு ரெண்டாவது உலை. நான் சாப்பிட்டு எழுந்ததுக்கப்புறம் அது காலையில வெச்ச சோத்தைப் போட்டுக்கிட்டு உட்காரும். "இந்தச் சூடு சோறுதான் இருக்கேடி"ம்பேன். "பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்தா ஆகும். எனக்குப் பழசுதானுங்க பிடிக்கும்"னு சொல்லும். அப்படிச் சொல்லும்போது முகம் நல்லாத்தான் இருக்கும். சில பேர் நாக்கு அப்படி. அது தெரிஞ்சதுக்கப்புறம் நான் விடலையே. ஞாயித்துக்கிழமை கறி எடுத்தா பிள்ளைங்ககிட்டச் சொல்லிடுவேன், "சட்டியை வழிக்காதீங்கடா, நாளைக்கு அம்மாவுக்கு வேணும்"னு. எனக்கு இன்னொரு கரண்டி வேணும்னு இருந்தாலும் வைப்பேன். பொங்கலன்னைக்குப் பொங்கலைக்கூட ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வைப்பேன், மறுநாள் அது சாப்பிடட்டும்னு. அந்தக் காலத்துல எந்த ஆம்பளை இவ்வளவு பார்த்தான்? எங்க டெப்போவுல யாரையாவது கேட்டுப் பாருங்க. சம்சாரத்துக்கு என்ன பிடிக்கும்னு கேட்டா முழிப்பானுங்க. எனக்குத் தெரியும்.

அது வேற, இது வேற. அதுக்கு நிஜமாவே பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. அதுதான் வித்தியாசம்.

தண்ணி குடிங்க தம்பி. சோறு வடிச்சாச்சு போல, ஆவி வருது பாருங்க.

இப்ப என்ன பிரச்சினைன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை. எங்க குடியிருப்புல ஒரு விழா வெச்சிருக்காங்க, 'மிச்சமில்லாத வீடு'ன்னு. நூத்தி நாப்பது வீடு இருக்கு. சாப்பாட்டை வீணாக்காத வீடுன்னு எங்க வீட்டைத்தான் எடுத்திருக்காங்க. சுகன்யா மேடையில பத்து நிமிஷம் பேசுது. திரையில படமெல்லாம் வருது, கறிவேப்பிலைச் செடி, தாத்தா தட்டு. அது முடிஞ்சதும் நான் மைக்கைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை சொல்லணும். எனக்கு வெள்ளைச் சட்டை ஒண்ணு புதுசா எடுத்து வெச்சிருக்கு. சொல்ல வேண்டியதை எழுதியும் கொடுத்துடுச்சு. இந்தாங்க, படிங்க.

"என் பெயர் சென்னியப்பன். எனக்கு வயது எழுபத்தொன்று." அது ரெண்டும் நிஜம். அடுத்ததைப் பாருங்க. "எனக்குச் சிறு வயதிலிருந்தே பழசுதான் பிடிக்கும். அதை என் மருமகள் புரிந்துகொண்டு நான்கு வருடமாக எனக்குப் பிடித்ததையே தருகிறாள்."

இதை நான் மைக்குல சொல்லிட்டேன்னு வைங்க, முடிஞ்சது. இப்பவாவது நாலு பேருக்குத் தெரிஞ்ச சங்கதி. அப்புறம் நூத்தி நாப்பது வீட்டுக்கும் தெரியும். பக்கத்து வீட்ல கல்யாணப் பலகாரம் கொடுத்தாக்கூட ஒரு நாள் வெச்சுட்டுத்தான் எனக்குக் கொடுப்பாங்க. சாகற வரைக்கும் அந்த வீட்ல எனக்குன்னு ஒரு தோசை கல்லுல விழாது. சரி, நிஜத்தைச் சொல்லிடலாம்னா, இன்னைக்கே வீட்டுக்குப் போய் "அம்மிணி, எனக்குப் பழசு பிடிக்காது"ன்னு சொல்லிடலாம்னா, அந்தப் பொண்ணு என்ன ஆகும்? நாலு வருஷமாப் பாசமா ஊட்டினது அத்தனையும் நாலு வருஷமா மாமனாரை வதைச்சதுன்னு ஆயிடாதா? ஒரு நாள் ரெண்டு நாளா, நாலு வருஷம். ஏன் மாமா சொல்லலைன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்க படிச்சவரு. சொல்லுங்க.

இருங்க, சோறு வந்துடுச்சு.

வா வேலாத்தா. இவருக்கு முதல்ல போடு. ம்... போடு, போடு. போதும்.

பாருங்க தம்பி. இலை கருகுற வாசனை வருது பாருங்க. கையை வைக்க முடியாது. ஒரு ஓரமா ஒதுக்கி, ஊதி ஊதி... இந்த ஆவி முகத்துல அடிக்குது பாருங்க, அதுக்கே பாதி வயிறு நிறைஞ்சுடும். நீங்க குழம்பை ஊத்திக்கோங்க. நான் கொஞ்ச நேரம் வெறுஞ்சோத்தைப் பார்ப்பேன். அது ஒரு பழக்கம்.

அதுவும் ஒரு தடவை கேட்டுச்சு. துளசிமணி. ஆஸ்பத்திரியில கிடந்தப்ப. எட்டு நாள் இருந்துச்சு, இது அஞ்சாம் நாள். நான் வீட்ல இருந்து கேரியர் கட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அக்கா மகள் காலையில ஆக்கிக் கொடுத்தது. மத்தியானம் திறக்கறேன், அது என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாக் கேட்குது, "ஏனுங்க, வடிச்ச சூட்டோட ஒரு கை சோறு கிடைக்குமாங்க?"ன்னு. நர்ஸம்மா அங்க நின்னுட்டு இருந்துச்சு. நான் நர்ஸம்மாவைப் பார்த்துச் சிரிச்சேன். "இந்தம்மா வாழ்க்கையில முதல் தடவையாச் சூடு சோறு கேட்குது பாருங்க"ன்னேன். நோவு வந்தா நாக்கு மாறும், தம்பி. காய்ச்சல் வாய் விதவிதமாக் கேட்கும். பிள்ளைத்தாச்சி சாம்பல் கேட்கறதில்லையா, அது மாதிரி.

"கேரியர் நிறைய இருக்கே, இதை என்ன பண்றது, வீணாப் போகுமே. இன்னைக்கு இதைச் சாப்பிடு. நாளைக்கு எதுத்தாப்புல ஓட்டல்ல சூடா வாங்கிட்டு வர்றேன்"ன்னு சொன்னேன். கோபமாச் சொல்லலை. நல்லபடியாத்தான் சொன்னேன். அதுவும், "அதுவும் சரிதானுங்க. எனக்குப் பழசுதானுங்க பிடிக்கும்"னுச்சு. நாலு வாய் சாப்பிட்டுச்சு.

மறுநாள் நான் ஓட்டலுக்குப் போனேன். நிஜமாவே போனேன். பன்னெண்டு ஐம்பதுக்கு வாங்கி, ஒரு மணிக்கு வார்டுக்குள்ள போறேன். அதுக்குள்ள ஆகாரத்துக்கு மூக்குல குழாய் போட்டுட்டாங்க.

அந்தப் பொட்டலத்தை என்ன பண்ணினேன்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்லை.

சாப்பிடுங்க தம்பி, நீங்க ஏன் கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? நான் ஏதோ பேச்சுவாக்குல... இருங்க. போன் அடிக்குது. மருமகள்தான். சத்தம் போடாதீங்க, இது சங்கம்.

சொல்லு அம்மிணி.

...ஆச்சு ஆச்சு. சாப்பிட்டாச்சு. நல்லா இருந்துச்சு. துவையல் ரொம்ப நல்லா இருந்துச்சு.

...சட்டை சரியாத்தான் இருக்கும்மா. போட்டுப் பார்க்க என்ன இருக்கு.

...என்னது? அத்தையையா?

...இல்லை, கேட்குது, சொல்லு. "என் மாமியாரும் முப்பத்தாறு வருஷம் பழசைத்தான் விரும்பிச் சாப்பிட்டாங்க"ன்னா? அதைத் திரையில போடறயா? படத்தோடவா? எந்தப் படம்?

...ம்.

...ஆமா, நான்தான் சொன்னேன். நான்தான் எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்.

...வேண்டாம் அம்மிணி. அத்தை பேரை அதுல போடாதே.

...அதெல்லாம் ஒண்ணும் இல்லை. படம் நல்ல படம்தான். அவளைக் கேட்காம எப்படிம்மா சொல்றது?

...அதைத்தான் நானும் சொல்றேன். இப்ப எப்படிக் கேட்கறது.

...என்னைப் பத்தி எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். அதை நான் சொல்லிடறேன். ஒரு சொல் மாத்தாம அப்படியே சொல்லிடறேன். அத்தையை மட்டும் எடுத்துடு.

...இல்லை, குரல் ஒண்ணும் இல்லை. பேன் காத்து. சரி. வெச்சுடறேன்.

...

வெச்சாச்சு. பார்த்தீங்களா, என்னமோ ஒரு பேச்சுப் பேசிட்டேன். அது என்ன நினைச்சுக்கிச்சோ. செத்தவங்களை எதுக்கு மேடைக்கு இழுக்கறதுன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்லை. துளசிமணிக்கு என்ன பிடிக்கும்ங்கற கேள்விக்கு நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கேன் தெரியுமா? எழவுக்கு வந்தவங்ககிட்டக்கூடச் சொன்னேன். என் சம்சாரத்துக்குப் பழசுதான் பிடிக்கும், ஒரு நாளும் சூடு கேட்டதில்லைன்னு. எல்லாரும் அட அடன்னாங்க. இன்னைக்கு என்னமோ வாய் வரலை.

ஞாயித்துக்கிழமை பரவாயில்லை. ரெண்டு வாக்கியம்தானே. சொல்லிட்டு இறங்கிடுவேன். புதன்கிழமை இருக்கு எனக்கு.

என்ன வேலாத்தா?

ஆறிடுச்சா? ஆறிடுச்சு. பேசிட்டே இருந்துட்டேன். இல்லை இல்லை, எடுக்காதே. கையைத் தட்டிவிடறேன்னு நினைக்காதே, இலையில இருந்து எடுத்து என்ன பண்ணுவே, கொட்டத்தானே போறே? இது இருக்கட்டும். வேற சோறு வேண்டாம். இதுவே நல்லாத்தான் இருக்கு. எனக்கு இப்படித்தான் பிடி...

...

வேலாத்தா சிரிக்குது பாருங்க. "சூடு சூடுன்னு என்ற உசுர எடுக்கற ஆளுங்க நீங்க, இன்னைக்கு என்னாச்சுங்க?"ன்னு கேட்குது. ஒண்ணும் ஆகலை.

இருங்க தம்பி. ஒரு நிமிஷம். உங்களுதும் ஆறிப் போச்சு, என்னாலதான். வேலாத்தா, இவருக்கு ரெண்டு கரண்டி சூடாப் போடு. உலைச் சோறு மிச்சம் இருக்கா? அப்ப எனக்கும் ஒரு கை போடு. இங்க இல்லை. அந்த ஓரத்துல, இலை நுனிப் பக்கம். கரண்டி வேண்டாம், ஒரு கைதான். தனியா வை. இதோட கலக்காதே.

ம். அங்கதான்.

நான் இந்த ஆறினதைச் சாப்பிட்டுடறேன். டப்பாவையும் இங்கயே பிரிச்சுடலாம், நாலு மணி வரைக்கும் எதுக்கு. நீங்க கொஞ்சம் எடுத்துக்கறீங்களா? வேண்டாமா? சரி சரி. நேத்து வெச்சதுதான்.

இல்லைங்க, அதை நான் சாப்பிடப் போறதில்லை. அது இருக்கட்டும். ஆவி நிக்கற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். அப்புறம் இலையை மூடிடுவேன். ஆமா, சோத்தோடதான். வீண்தான் தம்பி, தெரியும். எழுபத்தோரு வருஷத்துல இலையில ஒரு பருக்கை விட்டு எழுந்தவன் இல்லை நான். இன்னைக்கு ஒரு கை வீணாப் போகட்டும்.

ஏன்னு மட்டும் கேட்காதீங்க. நீங்க சாப்பிடுங்க, சூடு இருக்கும்போதே.